பெண்ணியவாதியா, உளவியலாளரா?

கேள்வி: மருத்துவ உளவியல் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் பிரிவுக்குக் குடும்பத்தாரால் அழைத்துவரப்படும் பெண்கள் பலருக்கு, முதல் சந்திப்பு முடிவதற்குள்ளாகவே ஆளுமைக் கோளாறு என்று எழுதப்பட்டுவிடுகிறது. வீட்டில் வன்முறை உண்டா என்ற கேள்வி எங்கள் படிவத்திலேயே இல்லை. சென்ற மாதம் அப்படி ஒரு பெண்மணியைப் பற்றி நடந்த கலந்தாய்வுக் கூட்டத்தில் இதைச் சுட்டிக்காட்டினேன். “நீ அறிவியலாளரா, பெண்ணியவாதியா? ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்” என்றார் மேற்பார்வையாளர். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பட்டம் கைக்கு வரும்வரை வாய் திறக்காமல் இருந்துவிடலாமா? இவை இரண்டும் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று முரணானவையா? அன்று பேசப்பட்ட பெண்மணி அடுத்த வாரம் என்னிடம்தான் மறுபடி வருகிறார். அவரிடம் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது உங்கள் மேற்பார்வையாளர்மீது கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, பயிற்சிக் காலத்தில் என் கையாலேயே எழுதிய ஒரு கோப்பு நினைவுக்கு வந்தது. தூக்கமின்மைக்காக அழைத்துவரப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி, ‘எளிதில் உணர்ச்சிவசப்படுபவர், அனுசரித்துப் போகும் இயல்பு குறைவு’ என்று அதில் எழுதியிருந்தேன். நான்காவது சந்திப்பில், கணவர் தற்செயலாக வெளியே போயிருந்த பத்து நிமிடத்தில், தன் சம்பளம் முழுவதும் அவர் கைக்கே போகிறது என்பதையும், பெற்ற தாயைப் பார்க்கப் போக இரண்டு ஆண்டுகளாக அனுமதி இல்லை என்பதையும் அவர் சொன்னார். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார். நானும் பெண்தான், கல்லூரி மேடையில் பெண்ணியம் பேசிப் பரிசு வாங்கியவள்தான். இருந்தும், படிவத்தில் இல்லாத கேள்வி என் வாயிலும் வரவில்லை. ஆகவே உங்கள் மேற்பார்வையாளரைத் தீயவராக வைத்துக்கொண்டு நான் இந்தப் பதிலை எழுதப்போவதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள் இருக்கிறது. அறிவியலா பெண்ணியமா என்று உங்களிடம் கேட்கப்பட்டது, இந்தத் துறையில் ஆய்வகங்கள் தோன்றிய காலத்திலிருந்தே ஏதோ ஒரு வடிவில் கேட்கப்பட்டுவரும் கேள்வி. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்வியை எதிர்கொண்ட பெண்கள்தாம் பெரும்பாலும் அளவுகோலைக் கையில் எடுத்தவர்கள். கேட்டவர்களிடம் இருந்தது பெரும்பாலும் அபிப்பிராயம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹெலன் தாம்சன் என்ற மாணவி, பின்னாளில் ஹெலன் தாம்சன் வூல்லி என்று அறியப்பட்டவர், 25 ஆண்களையும் 25 பெண்களையும் ஆய்வகத்தில் பலவகைச் சோதனைகளுக்கு உட்படுத்தி, 1903-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார். இரு பாலாருக்கும் இடையே கண்ட வேறுபாடுகள் மிகச் சிறியவை என்றும், அவற்றுக்குக்கூட வளர்க்கப்பட்ட விதம் காரணமாக இருக்கலாம் என்றும் அவர் எழுதினார். 1910-இல், பால் வேறுபாடு பற்றி அதுவரை வந்த எழுத்துகளை மதிப்பிட்டபோது, அறிவியலாக விரும்பும் வேறு எந்தத் துறையிலும் சொந்தச் சார்பும் ஆதாரமற்ற கூற்றும் இந்த அளவுக்குக் கட்டவிழ்ந்து ஓடியதில்லை என்று அவர் சாடியதை, அன்றைய ஆய்விதழ் அப்படியே அச்சிட்டது.

அவருக்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்த லீட்டா ஹாலிங்வொர்த்தின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. பள்ளி ஆசிரியையாக இருந்த அவர், திருமணமாகி நியூயார்க் வந்தபோது, மணமான பெண்களுக்கு அந்நகரப் பொதுப் பள்ளிகளில் வேலை கிடையாது என்ற விதியால் வீட்டில் உட்கார்த்தப்பட்டார். அதன் பிறகுதான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கச் சேர்ந்தார். ஆண்களிடையே திறன் மிகப் பரந்து விரிந்திருக்கிறது, பெண்களோ எல்லோரும் நடுத்தரத்திலேயே குவிந்திருக்கிறார்கள், ஆகவே மேதைகள் ஆண்களிலிருந்துதான் வருவார்கள் என்ற மாறுபாட்டுக் கருதுகோள் அன்று கோலோச்சியது. அதை ஏற்றுக்கொண்டவர்களில் அவருடைய ஆய்வு வழிகாட்டியான எட்வர்ட் தார்ன்டைக்கும் ஒருவர். ஹாலிங்வொர்த் வாதத்தில் இறங்கவில்லை. ஹெலன் மான்டேகு என்பவருடன் சேர்ந்து, பிறந்த குழந்தைகள் 2,000 பேரின், ஆண் 1,000, பெண் 1,000, உடல் அளவுகளை எடுத்து ஒப்பிட்டு, ஆண்களிடம் கூடுதல் மாறுபாடு இல்லை என்று 1914-இல் காட்டினார். மனவளர்ச்சி குன்றியோருக்கான இல்லங்களில் ஆண்கள் அதிகம் இருக்கிறார்களே என்ற சான்றுக்கும் விடை வைத்திருந்தார்: அதே குறைபாடுள்ள பெண் யார் வீட்டிலாவது வேலை செய்தோ, யாரையாவது சார்ந்தோ வெளியே காலம் தள்ளிவிடுகிறாள், அதனால் அவள் பதிவேட்டுக்குள் வருவதே தாமதமாக, கூடுதல் வயதில்தான். மாதவிடாய் நாள்களில் பெண்களின் அறிவுத்திறனும் கைத்திறனும் குன்றும் என்ற நம்பிக்கையையும் அதே ஆண்டு அவர் சோதித்தார். பெண்களுக்கு மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் தேர்வுகள் வைத்து, ஒப்பீட்டுக்கு இரண்டு ஆண்களையும் சேர்த்துக்கொண்டு பார்த்ததில், அப்படி ஒரு வீழ்ச்சி தென்படவே இல்லை. அந்த ஆய்வும் தார்ன்டைக்கின் மேற்பார்வையிலேயே நடந்தது என்பதை உங்களுக்காகவே குறிப்பிடுகிறேன். கருத்தில் எதிர்நின்ற வழிகாட்டியின் கீழும் வேலை நடக்கலாம்.

இந்த இருவரும் இவ்வளவு சரியாகச் செய்தும் என்ன ஆயிற்று? மறக்கப்பட்டார்கள். அதற்குப் பின் அரை நூற்றாண்டு காலம் பெண்ணின் இயல்பு என்ற பெயரில் பழைய கதைகளே பாடநூல்களில் ஓடின. 1968-இல் நவோமி வைஸ்டீன் என்ற உளவியலாளர் வந்து, பெண்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள் என்பது பற்றிச் சொல்ல உளவியலிடம் ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அதற்கு அது தெரியாது என்று வெட்டொன்று துண்டிரண்டாக எழுதியபோது, அவர் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவரும் துறையின் ஆயுதங்களையே துறைக்கு எதிராகத் திருப்பினார். சோதிப்பவரின் எதிர்பார்ப்பே முடிவை வளைத்துவிடுகிறது என்று காட்டிய ரோசந்தாலின் சோதனைகளையும், அதிகாரத்தின் முன்னால் சாதாரண மனிதர்கள் எவ்வளவு தூரம் பணிவார்கள் என்று காட்டிய மில்கிராமின் சோதனைகளையும் எடுத்துவைத்து, சூழல் மனிதரை இந்த அளவுக்கு மாற்றுமானால் பெண்ணை மட்டும் சூழலைப் பார்க்காமல் அவளது உள்ளியல்பைக்கொண்டு விளக்குவது என்ன அறிவியல் என்று கேட்டார். உங்கள் கூட்டத்தில் நீங்கள் கேட்டதும் இதே கேள்விதான். ஆகவே முரண் இல்லை. சூழலை விசாரிக்காமல் ஆளுமையைத் தீர்மானிப்பதுதான் முறையியல் பிழை.

அந்தப் பிழை எப்படி நிகழ்கிறது என்பதைக் காட்டியது 1970-இல் புரோவர்மன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. உளமருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என 79 பேரிடம் 122 பண்புகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் மனநலமுள்ள ஆணையும், இன்னொரு பகுதியினர் மனநலமுள்ள பெண்ணையும், மற்றவர்கள் பாலைக் குறிப்பிடாமல் மனநலமுள்ள வயதுவந்த மனிதரையும் அதில் குறிக்க வேண்டும். ஆணுக்கும் ‘மனிதருக்கும்’ விடைகள் ஒத்துப்போயின. பெண்ணுக்கு ஒத்துப்போகவில்லை: நலமுள்ள பெண் பணிவு கூடியவள், சுதந்திரம் குறைந்தவள், எளிதில் பிறர் சொல்லுக்கு இணங்குபவள், சிறு நெருக்கடியிலும் பதறுபவள் என்று வந்தது. பெண்ணாக நலமாக இருந்தால் மனிதராக நலக்குறைவு. மனிதராக நலமாக இருந்தால் பெண்ணாகக் கோளாறு. அந்த 79 பேரில் 33 பேர் பெண்கள், அவர்களுடைய விடைகளும் ஆண்களுடையவற்றிலிருந்து வேறுபடவில்லை. (என் கோப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.) இந்த ஆய்வையும் அப்படியே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் ஆணுக்குரியதாக மதிக்கப்பட்ட நற்பண்புகளே அதிகம் இருந்ததால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம் என்ற விமர்சனம் பின்னர் எழுந்தது, அது பொருட்படுத்தத்தக்க விமர்சனம். கூட்டத்தில் இதை மேற்கோள் காட்டினால் விமர்சனத்தையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு அதை எடுத்து உங்களை அடிக்க ஒருவராலும் முடியாது.

இனி, வாய் மூடி இருக்கலாமா என்ற கேள்வி. விலை உண்டு என்பதை மறைத்து உங்களுக்கு வீரம் ஊட்ட நான் விரும்பவில்லை. வைஸ்டீன் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வைத் தொடங்கியபோது, உடைத்துவிடுவாய் என்று சொல்லி ஆய்வுக்கருவியைத் தர மறுத்தார்கள். யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தரவு சேகரித்து வந்து 1964-இல் பட்டம் பெற்றார். வேலைக்கான நேர்காணல்களில், உன்னைப் போன்ற சின்னப் பெண் இத்தனை பெரிய ஆண்கள் வகுப்புக்கு எப்படிப் பாடம் நடத்துவாய் என்றும், இந்த ஆய்வை உனக்கு யார் செய்து கொடுத்தார்கள் என்றும் அவரிடம் கேட்டார்கள். அவருக்கு முன்னால், ஃபிராய்டின் பெண் பற்றிய கருத்துகளை 1920-களிலேயே கேள்வி கேட்கத் தொடங்கிய உளப்பகுப்பாய்வாளர் கரேன் ஹார்னியிடமிருந்து, 1941-இல் நியூயார்க் உளப்பகுப்பாய்வு நிறுவனம் பிறருக்குப் பயிற்சி அளிக்கும் தகுதியைப் பறித்தது. அவர் ராஜினாமா செய்து தனி அமைப்பு தொடங்க வேண்டிவந்தது. அவரைப் போல வெளியேறித் தனி அமைப்பு காணும் வசதி, பட்டம் பெறாத உங்களுக்கு இல்லை. அதனால் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்வதைக் கோழைத்தனமாக நான் கருதமாட்டேன்.

ஆனால் காப்பாற்றிக்கொள்வதற்கும் வாய் மூடுவதற்கும் இடையே நிறைய இடம் இருக்கிறது, அந்த இடத்தில் தனியாக நிற்காதீர்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் ஒரே செய்தி. கிறிஸ்டீன் லாட்-ஃபிராங்க்லின் என்ற கணித, உளவியல் அறிஞரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1882-இல் முனைவர் பட்டத்துக்கான வேலைகளை முடித்தவர். பெண் என்பதால் 1926-இல்தான் பட்டம் கைக்கு வந்தது. எட்வர்ட் டிட்செனர் 1904-இல் தொடங்கிய சோதனை உளவியலாளர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை. பெண்கள் இருந்தால் தாராளமாகப் புகைபிடித்துக்கொண்டே ஒளிவுமறைவின்றி விவாதிக்க முடியாது என்பது அவருடைய வாதம். அவரிடம் முதன்முதலில் முனைவர் பட்டம் பெற்றவரே மார்கரெட் வாஷ்பர்ன் என்ற பெண்தான் என்பதைப் பார்க்கும்போது இது எவ்வளவு விசித்திரம்! லாட்-ஃபிராங்க்லின் ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதிக் கண்டித்தார். அவருடைய வாதத்தில் ஓட்டை ஏதும் இல்லை. டிட்செனர் அசையவும் இல்லை. அவர் 1927-இல் இறந்து, 1929-இல் குழு மாற்றியமைக்கப்பட்ட பிறகுதான் வாஷ்பர்னும் இன்னொரு பெண்ணும் உள்ளே வந்தார்கள்.

இதோடு 1969-ஐ ஒப்பிடுங்கள். அந்த ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாட்டில் பெண்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். அடுத்த ஆண்டு மாநாட்டு மேடையில், பட்டம் பெற்று அதிக நாள் ஆகாத ஃபிலிஸ் செஸ்லர், உளநலத் துறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இழப்பீடாகப் பத்து லட்சம் டாலர் தர வேண்டும் என்று கேட்டபோது அரங்கமே சிரித்தது. உங்கள் கூட்டத்தில் கேட்ட சிரிப்பு அதன் எதிரொலிதான். அந்தப் பணம் வரவேயில்லை. ஆனால் 1973-இல் பெண்கள் உளவியலுக்கென்று தாய்ச்சங்கத்துக்குள்ளேயே 35-ஆம் பிரிவு உருவாயிற்று. செஸ்லர் லாட்-ஃபிராங்க்லினைவிடத் திறமையாக வாதாடினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஆள்கள் இருந்தார்கள், வெளியே ஒரு பெரும் பெண்கள் இயக்கமும் இருந்தது. பிரிட்டனிலும் இதே கதைதான்: பிரிட்டிஷ் உளவியல் சங்கத்துக்குள் பெண்கள் உளவியல் பிரிவு 1988-இல் வந்தது, பெயரில் பெண்ணியம் என்ற சொல் இல்லாமல். பெயரில் விட்டுக்கொடுத்து வாசலைத் திறந்துகொள்வது சில சமயம் நல்ல கணக்குதான் என்பது என் கருத்து. இதை ஏற்காத தோழிகள் எனக்கு உண்டு.

உங்கள் பிரிவின் பிரச்சினைக்கு மிக அருகில் இருப்பது 1985-இல் தொடங்கிய ஒரு சண்டை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-ஐத் திருத்தும்போது, துன்பத்தைத் தானே தேடிக்கொள்ளும் ஆளுமைக் கோளாறு ஒன்றைச் சேர்க்க முன்வந்தது. வன்முறைக்குள்ளான பெண்களைப் பற்றி ஆய்ந்த லெனோர் வாக்கர், பெண்களின் துன்ப விருப்பம் என்பதே கட்டுக்கதை என்று எழுதிய பாலா கப்லான் முதலியோர் அதை எதிர்த்தார்கள். கணவரிடம் அடிபட்டும் வெளியேற முடியாமல் இருக்கும் பெண் இந்த வரையறைக்குள் அப்படியே பொருந்திவிடுவாள், அடித்தவர்மீது இருக்க வேண்டிய கண் அடிவாங்கியவளின் ஆளுமைமீது திரும்பிவிடும் என்பது அவர்களது வாதம். எதிர்ப்பின் விளைவாக அந்தக் கோளாறு பெயர் மாற்றப்பட்டு, 1987-ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டது. 1994 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. அதே காலத்தில் முன்வைக்கப்பட்ட மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைக் கோளாறு விஷயத்தில் அவர்கள் வெல்லவில்லை. அது 2013-இல் கையேட்டின் முதன்மைப் பகுதிக்கே வந்துவிட்டது. அதை அங்கீகாரமாக வரவேற்கும் பெண்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய வேதனையும் பொய்யல்ல. எனக்கே இதில் இன்னும் இரண்டு மனம்தான்.

உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் தத்தளிப்பதைக் குறிக்கும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நோயறிதல் பெற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயது வன்கொடுமை வரலாறு இருந்ததை, ஜூடித் ஹெர்மன் என்ற உளமருத்துவரும் சகாக்களும் 1989-இல் வெளியிட்டார்கள். நீண்டகால வன்முறையின் விளைவுகளுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று 1992-இல் ஹெர்மன் முன்வைத்த கருத்து, சிக்கலான பேரதிர்ச்சிப் பின்விளைவுக் கோளாறு என்ற பெயரில், 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இன்று இருக்கிறது. உங்கள் மேற்பார்வையாளரின் மேசையில் இருக்க வேண்டிய பட்டியல் அது. ஆகவே நீங்கள் கேட்டது இயக்க முழக்கம் ஆகாது. வேறுபடுத்தி நோயறிவதில் விடுபட்ட ஒரு படி. அடுத்த கூட்டத்தில் அதே சொற்களில் கேளுங்கள்: “ஆளுமைக் கோளாறு என்று முடிவு செய்வதற்கு முன், தற்போதைய வன்முறையும் பேரதிர்ச்சியும் விசாரிக்கப்பட்டு விலக்கப்பட்டனவா? கோப்பில் அந்தப் பதிவைக் காணவில்லை.” குற்றச்சாட்டுக்குச் சிரிக்கலாம், விடுபட்ட பதிவுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். கூட்டத்துக்கு முன்பே சக பயிற்சியாளர் ஒருவரிடமாவது பேசிவைத்து, இரண்டாவது குரலாக அவரையும் கேட்கச் சொல்லுங்கள். படிவத்தில் இரண்டு வரி சேர்க்கும் யோசனையை எழுத்தில், முடிந்தால் மூன்று நான்கு பேர் கையொப்பத்துடன் கொடுங்கள். அதில் பெண்ணியம் என்ற சொல் இருக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைச் சற்றுக் கவலைப்பட வைத்த இடம் ஒன்று உண்டு. அந்தப் பெண்மணியின் வாழ்க்கை உங்கள் வாதத்துக்குச் சான்றாகிவிடக் கூடாது. வீட்டில் வன்முறை இருந்தே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு நீங்கள் உள்ளே போனால், ரோசந்தால் காட்டிய பிழையை எதிர்ப்பக்கத்திலிருந்து நீங்களே செய்வீர்கள். வன்முறை இல்லாமலும் போகலாம். இருந்தும் அவர் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். சொல்லிவிட்டு அந்த வீட்டுக்கே திரும்பவும் விரும்பலாம். பெண்ணிய உளவியலும் ஒரு காலத்தில் வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண்ணின் அனுபவத்தையே எல்லாப் பெண்களின் அனுபவமாக எழுதி, கறுப்பினப் பெண் அறிஞர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. நமக்கும் ஒரு படிவம் உண்டு. அதிலும் விடுபட்ட கேள்விகள் உண்டு.

அடுத்த வாரச் சந்திப்புக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வரும் பெண்கள் எல்லோரிடமும் இதைக் கேட்கச் சொல்லவில்லை. மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் போல வன்முறையால் உண்டாகக்கூடிய அல்லது மோசமாகக்கூடிய நிலைகளை மதிப்பிடும்போது கேட்கச் சொல்கிறது. அதுவும் தனிமை இருக்க வேண்டும், கேட்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், ஆம் என்று பதில் வந்தால் அனுப்பிவைக்க ஓர் இடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. அந்த இடம் எது என்பதை இன்றே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு வந்தவரை, எல்லோரிடமும் தனியாகப் பேசுவது இங்கு வழக்கம் என்று சொல்லி, வெளியே அமரச் செய்யுங்கள். அது உண்மையாகும்படி அன்று வரும் ஆண்களிடமும் அப்படியே செய்யுங்கள். எந்த எல்லை வரை ரகசியம் காப்பீர்கள், எப்போது காக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். தூக்கம், சாப்பாடு, வேலை என்று வழக்கமான கேள்விகள் முடிந்த பிறகு அவசரமில்லாமல் கேளுங்கள்: “வீட்டில் யாரிடமாவது உங்களுக்குப் பயம் உண்டா?” கேட்டுவிட்டு எழுதுகோலைக் கீழே வைத்துவிடுங்கள். இல்லை என்று சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு, பின்னால் எப்போது சொல்லத் தோன்றினாலும் சொல்லலாம் என்று மட்டும் சொல்லுங்கள். என்ன சொன்னாலும் அவருடைய சொற்களிலேயே கோப்பில் எழுதுங்கள். ஆனால் அந்தக் கோப்பு யார் யார் கண்ணில் படும் என்பதை எழுதுவதற்கு முன் அவருக்குச் சொல்லி, அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகபணியாளர்